மீனா பசிக்குதுன்னுதான் சொன்னாள்

ஜெயக்கொடிக்குக் கோபம் வந்தால் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஸ்டாப்பை அடுத்த சந்தில், வீட்டோடு ஒட்டிய சின்ன அறைதான் அவள் கடை. யுனிவர்சிட்டிக்கார அம்மாக்களுக்கு ரவிக்கை தைத்தே மகளைக் கட்டிக்கொடுத்து, மகனைப் படிக்கவைத்து, வீட்டுக்கு மாடியும் எழுப்பியவள். வயது அறுபத்துநாலு. அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாயால் வேறு அளவு சொல்லுகிற பொம்பளையை, "அப்ப இத எதுக்கும்மா சுமந்துக்கிட்டு வந்த?" என்று கேட்டுவிடுவாள். கோபம் வரும், கத்துவாள், அடுத்த நிமிஷம் டீ வாங்கிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஒரு வருஷமாகக் கோபம் இறங்கவே இல்லை.

யார் மேல் கோபம்? புருஷனின் ஊர் மேல், பங்காளிகள் மேல், கொழுந்தன் அழகுபாண்டி மேல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீடியோ மேல்.

அந்த வீடியோவை ஊரே பார்த்திருக்கிறது. திருப்பூரில் இருக்கிறவர்கள், துபாயில் இருக்கிறவர்கள், எல்லோருடைய போனிலும் கிடக்கிறது. பின்னால் ஒரு சாமி பாட்டு ஓடும், மேலிருந்து பூ உதிர்கிற மாதிரிப் படம் விழும், "எங்கள் குலதெய்வம் இறங்கி வந்த காட்சி" என்று எழுத்து ஓடும். அதில் ஆடுகிறவள் ஜெயக்கொடியின் கூடப்பிறந்த தங்கை முத்துமீனா. பார்த்தவர்கள் போனையே கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜெயக்கொடி பார்த்துவிட்டு, "அடப் பாவிகளா" என்று ஓங்கிக் கத்தியதில் மகன் பயந்துபோய் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

அக்காளும் தங்கச்சியும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். பெரியவள் ஜெயக்கொடிக்கு விருமாண்டி. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். சின்னவள் மீனாவுக்கு அழகுபாண்டி. நாகமலைக்கு மேற்கே சொந்த ஊரில் கிணற்றுப் பாசனத்தில் விவசாயம். சர்க்கரை வியாதி ரெண்டு பேருக்கும் பிறந்த வீட்டுச் சீதனம். மீனாவுக்கு முன்னாடியே ஊசி போடுகிற நிலைமை வந்துவிட்டது, கிட்னியும் கொஞ்சம் சோர்ந்துபோனதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் போனை எடுத்தால் நல்லா இருக்கியா என்ற கேள்வியே கிடையாது. "ஒனக்கு எம்புட்டுடி?" "ஒனக்கு எம்புட்டுக்கா?" குறைவாக வந்தவள் மற்றவளைக் கிண்டல் பண்ணுவாள்.

மாசிக் கும்பிடு என்றால் பேச்சியம்மன் கோவிலில் பங்காளி வீட்டுக்கு ஒரு பொம்பளை பொங்கல் பானை வைக்கவேண்டும். பானை வைக்கிறவள் பல்லில் பச்சைத்தண்ணி படக்கூடாது. படையல் முடிந்து, ஆம்பளைகள் விபூதி வாங்கி, அவர்கள் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் அவள் வாயில் சோறு. எந்தக் காலத்துச் சட்டமோ தெரியாது. சின்ன வயசில் எல்லோரும் தாங்கினார்கள். இப்போது பானை வைக்கிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், மாத்திரை டப்பாவோடு திரிகிறவர்கள். சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எப்போதும் மூத்த மருமகள் ஜெயக்கொடிதான் அந்த வீட்டுப் பானையை வைப்பாள். போன வருஷம் அவள் கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்து புகை ஆகாது என்று இருந்ததால் மீனா வைக்கும்படி ஆனது. அன்றைக்குக் காலையில் மீனாவே போன் போட்டாள்.

"அக்கா, ஊசி போட்டுட்டேன். கோயிலுக்குக் கெளம்பிட்டோம்."

"ஊசியப் போட்டியா? சாப்பிட்டியாடி?"

"பானை வைக்கப் போறவ எப்படிக்கா சாப்பிடுறது? ஒன் கொழுந்தன் சொல்றாரு, ஒரு நாப் பொழுது பட்டினி கெடந்தா செத்தா போயிருவேன்னு. பதினோரு மணிக்கெல்லாம் படையல் முடிஞ்சிருமாம்."

"அவன் கெடக்கான். மறைஞ்சு நின்னு ரெண்டு பிஸ்கட்டத் தின்னுட்டுப் போடி."

"சாமி குத்தம் ஆயிரும்க்கா" என்று சிரித்தாள் மீனா. அவள் ஜெயக்கொடியிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

பதினோரு மணிக்குப் படையல் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் ஜெயக்கொடிக்கு வயிறு எரியும். முதல் விபூதி மேலவீட்டு வகையறாவுக்கா கீழவீட்டு வகையறாவுக்கா என்று ஆம்பளைகளுக்குள் வாய்ச்சண்டை. வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இருக்கிற பெரிய பங்காளிக்குப் போன் போட்டு, அவர் இதைச் சொல்ல இவர் அதைச் சொல்ல, பன் பட்டர் ஜாம் தின்று டீ குடித்துத் தெம்பாகச் சண்டை போட்டார்கள். பொம்பளைகள் வெயிலில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு குத்தவைத்திருந்தார்கள். உச்சி சாய்ந்த பிறகும் தீர்ந்தபாடில்லை.

அப்போதுதான் மீனா ஆட ஆரம்பித்தாள்.

வீடியோவில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஜெயக்கொடி தைத்துக் கொடுத்த மாம்பழக் கலர் ரவிக்கை வேர்வையில் தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது. கை வெடவெடவென்று நடுங்குகிறது. கண் எங்கேயோ பார்க்கிறது. நாக்குத் தடித்து வார்த்தை குழறுகிறது. பொம்பளைகள் குலவை போடுகிறார்கள். குறி சொல்லுகிற கோடாங்கி சோணைமுத்து உடுக்கையை அடித்துக்கொண்டே முன்னால் வந்து கேட்கிறார்:

"வந்திருக்கிறது யாரு? ஆத்தா பேச்சியா? ஒனக்கு என்ன வேணும், வாயத் தொறந்து கேளு தாயி!"

"பசிக்குது" என்கிறாள் மீனா.

"சத்தமாச் சொல்லு தாயி!"

"பசிக்குது... பசிக்குது..."

"ஆத்தா பசிக்குதுங்கறாடா! கெடாய இழுத்துட்டு வாங்கடா!"

அத்தனை பேரும் கெடா கட்டியிருந்த பக்கம் ஓடுகிறார்கள். ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூடச் சோற்றுப் பக்கம் ஓடவில்லை. திறந்து கிடந்த மீனாவின் வாயில் யாரோ ஒரு பிடி விபூதியை அள்ளிப் போடுகிறார்கள். அவள் அதையும் மென்று விழுங்கப் பார்க்கிறாள்.

கீழே விழுந்தவளைப் பார்த்து ஆத்தா மலையேறிவிட்டாள் என்றார்கள். மரத்தடியில் சேலையை விரித்துப் படுக்கவைத்து, அசதி, தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். பொழுது சாயும்போது எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெரிய டாக்டரம்மா ஒருவர் அழகுபாண்டியைப் பார்த்துக் கேட்டார், "எப்ப சாப்பிட்டாங்க?" அவருக்குத் தெரியவில்லை. "ஊசி எப்ப போட்டாங்க?" தெரியவில்லை. "சாமி வந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

மீனா கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள். டாக்டரம்மா ஜெயக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னார். சர்க்கரை ஏறினால் உடம்பை மெதுவாகத்தான் அரிக்குமாம். வயசானவர்களுக்கு, அதிலும் கிட்னி சோர்ந்தவர்களுக்கு, ஊசியைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடுமாம். வேர்க்கும், நடுங்கும், உளறுவார்கள், கோபப்படுவார்கள், பசிக்கும். "பசிக்குமா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி. "ரொம்பப் பசிக்கும்மா. அது ஒடம்பு கொடுக்குற எச்சரிக்கை" என்றார் அந்த அம்மா.

இதைப் போய் ஊரில் சொன்னாள். யார் கேட்டார்கள்? கருமாதிக்குள் சோணைமுத்து குறி சொல்லி முடித்துவிட்டார். மீனாவைப் பேச்சி தன்னோடு சேர்த்துக்கொண்டாளாம். அழகுபாண்டிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பெண்டாட்டியைப் பட்டினி போட்டுச் சாகவிட்டவன் என்பதைவிட, சாமி எடுத்துக்கொண்டவளின் புருஷன் என்பது கேட்க நன்றாகத்தானே இருக்கும்? பேச்சி கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, சிவப்புச் சேலை சுற்றி, மீனாட்சி முகம் மாதிரி வெள்ளியில் முகம் அடித்துப் பதித்தார்கள். ஜெயக்கொடிக்குப் பேச்சி மேல் ஒரு வருத்தமும் கிடையாது. காலையில் எழுந்ததும் இன்றைக்கும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுகிறாள். ஆனால் பேச்சியா மீனாவைப் பட்டினி கிடக்கச் சொன்னாள்? சண்டை போட்டது யார், பன் தின்றது யார்? பழியைத் தூக்கிச் சாமி தலையில் போட்டுவிட்டுப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

இந்த மாசி நெருங்கியதும் அழகுபாண்டியும் சோணைமுத்தும் கடைக்கே வந்தார்கள். விருமாண்டி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, இந்த வருசம் மீனாவுக்கு மொதப் பொங்கல். கூடப்பொறந்தவ நீங்க வச்சாத்தான் நெறவா இருக்கும்" என்றார் அழகுபாண்டி.

"எனக்கும் இப்ப ஊசிதான், தெரியுமா?"

"அதெல்லாம் அவ பாத்துக்குருவா மதினி."

மிஷின் நின்றது. "யாரு பாத்துக்குருவா? பசிக்குது பசிக்குதுன்னு கத்துனாளே, அவளா? அவளையே ஒங்களுக்குப் பாத்துக்கத் தெரியல, அவ வந்து என்னையப் பாத்துக்குருவாளா?"

"சாமி காரியத்துல நாக்க அடக்கிப் பேசணும் தாயி" என்றார் சோணைமுத்து.

"ஒனக்கு என்ன வேணும்னு நீருதான அவகிட்ட கேட்டீரு. அவ சொன்னா. ஒரு கை சோறு கொடுத்தீரா அண்ணே?"

விருமாண்டி பேப்பரை மடித்து, "இந்தா, விடு" என்றார். அதற்குமேல் அவர் என்றைக்குமே பேசியதில்லை. தம்பி பக்கம் ஒரு பார்வை, பெண்டாட்டி பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான் அவர் நியாயம்.

ஜெயக்கொடி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அழகுபாண்டியை நேராகப் பார்த்து, "ஒரே ஒரு வார்த்தை சொல்லு தம்பி. எம்பொண்டாட்டி பசியில செத்தான்னு ஒன் வாயால சொல்லு. நான் வந்து பானை வைக்கிறேன்" என்றாள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, "வாரேன்யா. நீ சொல்லாட்டியும் வாரேன்" என்று கத்தினாள். விருமாண்டிக்கே புரியவில்லை. அவளுக்குத்தான் தெரியும், எதற்குப் போகிறோம் என்று.

கும்பிடு அன்றைக்கு ஒயர் கூடையில் பூ, பழம், ஊசிப் பெட்டி, கீழே ஒரு டிபன் பாக்ஸ். கோவில் முன்னால் அடுப்புகள் வரிசையாக மூட்டியிருந்தார்கள். பக்கத்து அடுப்பு கீழவீட்டுச் செல்லத்தாய். ஜெயக்கொடியைவிட ரெண்டு வயது இளையவள். ஜெயக்கொடி வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து, "ஏண்டி, யார் யாரு ஊசி போட்டிருக்கீங்க, யார் யாரு மாத்திர போட்டிருக்கீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள். ஒருத்தரும் பேசவில்லை. வியாதிக்காரி என்று தெரிந்தால் அடுத்த வருஷம் பானையைப் பிடுங்கிவிடுவார்கள், மருமகள் கைக்குப் போய்விடும். செல்லத்தாய் மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள்.

அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் நாற்காலிகள் வந்துவிட்டன. போன வருஷம் மேலவீட்டுக்கு, அப்ப இந்த வருஷம் கீழவீட்டுக்கு என்று ஒருத்தர் ஆரம்பிக்க, போன வருஷம்தான் சாமி வந்த அமளியில் யாருமே முறைப்படி வாங்கவில்லையே, அது எப்படிக் கணக்கில் சேரும் என்று இன்னொருத்தர் எழுந்தார். டீ வந்தது. வடையும் வந்தது. ஒருத்தி செத்துக் கல்லாக நிற்கிறாள், அதே இடத்தில், அதே சண்டை. ஜெயக்கொடிக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

பொங்கல் பொங்கி இறக்கியாகிவிட்டது. நிழல் காலடிக்கு வந்துவிட்டது. அவள் எழுந்து போய், மீனாவின் கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊசிப் பெட்டியைத் திறந்தாள். எல்லோரும் பார்க்க, இடுப்புச் சேலையை விலக்கி ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு வாயில் போட்டாள்.

"ஏய், என்னாத்தா செய்யிற!" என்று முதலில் ஒரு பொம்பளைதான் கத்தியது. நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. அத்தனை நேரம் தீராத சண்டை ஒரே நொடியில் தீர்ந்துபோய், மேலவீடும் கீழவீடும் ஒன்றாக ஓடிவந்தன.

"படையல் ஆகலை! அதுக்குள்ள எச்சி பண்ணிட்டாளே!" என்றார் சோணைமுத்து.

அழகுபாண்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் கறுத்திருந்தது. "மதினி, எந்திரிங்க. மரியாதை கெட்டுரும்."

"கெடட்டும்யா. நான் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிப்பேன். இவ முன்னாடி உக்காந்து சாப்பிடணும்னுதான் வந்தேன்." அடுத்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்துச் சொன்னாள், "பாத்துக்கடி. ஒங்கக்கா சாப்பிடுறா."

அவர் கையை ஓங்கினார். விருமாண்டி நடுவில் வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் செய்த முதல் காரியம் அது.

அந்த நேரத்தில்தான் அடுப்பு வரிசையில் குலவைச் சத்தம் எழுந்தது. செல்லத்தாய் உட்கார்ந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள். தலை தொங்கியது, கை நடுங்கியது, வாய் எதையோ உளறியது. "மீனா வந்துட்டா! கோவத்துல வந்துட்டா!" என்று யாரோ கத்த, சோணைமுத்து உடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஜெயக்கொடி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். அவள் சாமி வந்தவர்களைப் பார்க்காதவளா? சாமி வந்தவளின் உடம்பு அனலாகக் கொதிக்கும். செல்லத்தாயின் கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது, வேர்வை வழிந்தது. "மாத்திர போட்டியாடி? காலையில மாத்திர போட்டியா?" என்று கன்னத்தைத் தட்டினாள். செல்லத்தாயின் தலை மேலும் கீழும் ஆடியது.

பொங்கலுக்கு உடைத்தது போக மிச்ச வெல்லம் தாம்பாளத்தில் கிடந்தது. சாமிக்கு எடுத்து வைத்தது. ஜெயக்கொடி ஒரு பிடி அள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள்.

"அது படையல் வெல்லம்! தொடாத!" என்று சோணைமுத்து கையைப் பிடித்தார்.

"கைய எடும்யா! இன்னொரு கல்லு நடப் பாக்குறீரா?"

அந்தச் சத்தத்தில் உடுக்கை நின்றுவிட்டது. செல்லத்தாயைத் தன் மேல் சாய்த்து உட்காரவைத்து, சொம்பை உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். முழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். குலவை போட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அழகுபாண்டி அண்ணன் பிடியிலிருந்து விலகி வந்து, காலடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் சொம்பை விட்டு நகரவில்லை.

வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகியிருக்காது. நடுக்கம் குறைந்தது. வேர்வை அடங்கியது. செல்லத்தாய் கண்ணைச் சுருக்கி எல்லோரையும் பார்த்தாள். மாராப்பு விலகியிருப்பது தெரிந்ததும் பதறி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னக்கா, எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். பிறகு கூச்சத்தோடு, "பசிக்குதுக்கா" என்றாள்.

அழகுபாண்டி மெதுவாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். ஜெயக்கொடியின் கையில் இருந்த சொம்பை வாங்கி உள்ளே பார்த்தார். அடியில் கரையாத வெல்லம் கொஞ்சம் கிடந்தது.

"மதினி..." என்றார். "இம்புட்டுத்தானா மதினி?"

அவரைத் திட்டுவதற்கென்று ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ இருந்தன ஜெயக்கொடியிடம். ஒன்றும் வரவில்லை.

"இம்புட்டுத்தான்யா" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "எம்பொண்டாட்டியப் பசியில போட்டுக் கொன்னுட்டேனே" என்று ஊர் முன்னால் ஓங்கி அழுதார். பங்காளிகள் நாலு பேர் தேற்ற வந்தார்கள். ஜெயக்கொடி சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்க. மொதல்ல இந்தப் பொம்பளைகளுக்குச் சோத்தப் போடச் சொல்லு."